வெள்ளையிலே எத்தனை வெள்ளை!

"பாத்ரூமுக்கு வெள்ளை டைல்ஸ் வாங்கணும், அரை நாள் லீவு வேணும்" என்று கேட்டபோது ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சிரித்தார். "அதுக்கு எதுக்கு சார் அரை நாள்? வெள்ளைன்னா வெள்ளை. போனோமா, வாங்கினோமான்னு வர வேண்டியதுதானே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்போடு மேற்கு மாம்பலத்தில் கிளம்பியவன், கடைசியில் குஜராத்தில் மோர்பி என்கிற ஊரில், லாரிகள் நடுவே, உச்சி வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆறு வெள்ளை டைல்ஸைத் தரையில் பரப்பிக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். ஆறும் வெள்ளை. ஆறும் வேறு வேறு!

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஃப்ளாட் 1988-ல் கட்டியது. பாத்ரூம் ஏழடிக்கு ஐந்தடி. சுவரில் நாலடி உயரத்துக்கு ஆறுக்கு ஆறு இன்ச் வெள்ளை டைல்ஸ், தரையிலும் வெள்ளை, வாசல் திட்டிலும் வெள்ளை. கட்டியபோது அதுதான் நாகரிகம். ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சென்று இருக்கிறது என்று பால் காய்ச்ச வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்களாம். முப்பது வருஷத்துக்கு மேல் போர் தண்ணீரும் ஆசிட்டும் பட்டு, அது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது.

போன மார்கழியில் ஒரு விடிகாலை, அப்பா அதில் விழுந்தார். எழுபத்தொன்பது வயசு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நெற்றியில் நாலு தையல், எலும்பு தப்பியது. விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும், "கதவு இடிச்சிடுச்சு" என்று சொன்னார். கதவு அப்படியெல்லாம் இடிக்கிற கதவு இல்லை. வழுக்கி விழுந்தார் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் கூடவே வந்து நிற்போம். "அப்படி ஒருத்தர் வந்து நின்னுதான் நான் குளிக்கணும்னா, நான் குளிக்கவே இல்லை, போ" என்றார்.

அம்மா ஒரு சமரசம் செய்தாள். கூட யாரும் வர வேண்டாம், ஆனால் கதவைச் சாத்தக் கூடாது. ஒருக்களித்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

ஆக, பாத்ரூமை இடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

பெரியமேடு சிடன்ஹாம்ஸ் ரோடுக்கு நான், மனைவி, அப்பா மூவரும் ஆட்டோவில் போனோம். டைல்ஸ் கடை என்றால் நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் புடவை கடை தோற்றது. உட்காரச் சொல்லி, கூல் டிரிங்க்ஸ் கொடுத்து, "சொல்லுங்க சார்" என்றார் சேல்ஸ்மேன் பையன்.

"வெள்ளை."

"சூப்பர் ஒயிட்டா, ஐவரியா, ஆஃப் ஒயிட்டா, மில்க்கியா? கிளாஸியா, மேட்டா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி, "கொஞ்சம் சந்தனம் கலந்தாப்புல இருந்தா நல்லாருக்கும்" என்றாள். பையன் உடனே ஒன்றை எடுத்து வைத்தான். நான் இன்னொன்றைக் காட்டினேன். ரெண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல, உங்களுக்குக் கண்ணே கிடையாது என்று அவள் சொல்ல, அப்பா நடுவில் புகுந்தார்.

அவருக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. வலது கண் பாக்கி. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு டைல்ஸைப் பார்த்தார். "இது நல்ல வெள்ளை." இடது கண்ணை மூடினார். "இப்ப சந்தனம்." மறுபடி மாற்றினார். "வெள்ளை. லேசா நீலம் போட்டாப்புல இருக்கு." வகுப்பில் பரிசோதனை காட்டுகிற மாதிரி இதை நாலு தடவை செய்தார். பையன் பயந்துவிட்டான்.

ஆனால் விஷயம் உண்மைதான். வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுப்பு ஏறிப்போகிறது. பல வருஷமாக மெதுவாக ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்ததும் உலகமே சொட்டு நீலம் போட்ட வேட்டி ஆகிவிடுகிறது. ஒரே மனிதருக்கு ஒரே டைல்ஸில் ரெண்டு நிறம் தெரிந்தால் யாரைக் கேட்டு வாங்குவது? அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். ஆட்டோ காசு தண்டம்.

அடுத்த மாதமே ஆபீஸில் ராஜ்கோட்டுக்கு ஆடிட் வேலையாக அனுப்பினார்கள். அங்கே ஓட்டல் ரிசப்ஷனில் பேச்சுவாக்கில் டைல்ஸ் கதையைச் சொன்னேன். "அட, மோர்பி இங்கேதானே இருக்கு, 65 கிலோமீட்டர்!" என்றார் அந்த ஆள், ஏதோ தெருமுனை பெட்டிக்கடை மாதிரி. எனக்குள் இருந்த நடுத்தர வர்க்கம் விழித்துக்கொண்டது. உற்பத்தி ஆகிற இடத்திலேயே போய் வாங்கினால் எவ்வளவு மிச்சம்! ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்.டி. பஸ் பிடித்தேன்.

சௌராஷ்டிரம் வறண்ட பூமி. பருத்திக்காடு, வேலிக்கருவை, தூரத்தில் ஒட்டகம் ஒன்று. மோர்பி நெருங்க நெருங்க ரோட்டின் இருபுறமும் தொழிற்சாலைகள் முளைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இத்தாலியப் பெயர்! உள்ளே குஜராத்தி பேசிக்கொண்டு பாதித் தட்டு காட்டியாவும் பொரித்த மிளகாயும் சாப்பிடுகிற முதலாளி, வெளியே போர்டில் ரோமாபுரி சாம்ராஜ்யம். உலகத்தில் சீனாவுக்கு அடுத்தபடி டைல்ஸ் அதிகம் செய்வது இந்தியாதான். அதில் பெரும்பகுதி இந்த ஒரு ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. நீங்கள் குளிக்கிற பாத்ரூம் சுவரும் மோர்பியில் வெந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அட்டைப்பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள்.

ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தேன். அறுபதை ஒட்டிய முதலாளி, வெள்ளைச் சட்டை, வாயில் பாக்கு. "எத்தனை கண்டெய்னர்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஹிந்தி தூர்தர்ஷன் ஹிந்தி. "பதினெட்டு பாக்ஸ்" என்றேன்.

அவர் பாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினெட்டு பாக்ஸைச் சென்னைக்கு அனுப்புகிற லாரி வாடகையில் இன்னொரு பாத்ரூம் கட்டலாம் என்பதை மிகவும் மரியாதையாக விளக்கினார். நான் எழுந்தேன். "பைட்டியே, பைட்டியே" என்று உட்கார வைத்து டீ வரவழைத்தார். மதராஸிலிருந்து பதினெட்டு பாக்ஸுக்காக ஒருவன் வந்திருக்கிறான் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகப் பட்டிருக்க வேண்டும். சாஸரில் ஊற்றிக் குடிக்கிற அளவு டீ. அதைக் குடித்துக்கொண்டே, "டிசைன் டைல்ஸ் யார் வேணும்னாலும் போடலாம் சாஹப். வெள்ளைதான் கஷ்டம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். பதிலுக்கு வெளியே அழைத்துப் போய் வெயிலில் அந்த ஆறு டைல்ஸைப் பரப்பினார்.

பூப்போட்ட டைல்ஸில் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தாலும், கரும்புள்ளி விழுந்தாலும் டிசைனோடு டிசைனாக மறைந்துவிடும். வெள்ளைக்கு மறைக்க இடம் கிடையாது. களிமண்ணும் மணலும் ஃபெல்ட்ஸ்பார் கல்லும் சேர்த்து அரைத்த அடிப்பலகை பழுப்பாகவோ சிவப்பாகவோதான் வேகும். அந்த நிறம் மேலே தெரியாமல் மூடுவது கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு. அதில் வெள்ளைக்காகச் சேர்ப்பது ஜிர்கான் என்கிற தாதுவின் மாவு. விலை அதிகம். அதனால் அதில் கை வைத்தால் வெள்ளை மங்குகிறது.

ஜிர்கான் என்றதும் எனக்கு எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, அதே சரக்கு! பெருமையாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ரெண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. "வளைவு. இதை ஒட்டினால் லைட் போட்டதும் சுவர் அலை அடிக்கும்." இன்னொரு ஜோடியைப் பிடித்தார். வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான் பரீட்சை. கடையில் நீங்களும் செய்து பார்க்கலாம், காசா பணமா.

பிறகு ஒரு டைல்ஸைக் கவிழ்த்து முதுகில் டீ டம்ளரைக் கழுவின தண்ணீரைச் சொட்டவிட்டார். சொட்டு காணாமல் போனது. சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் சிமெண்டில் ஒட்டுவதற்கு முன்னால் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். இல்லாவிட்டால் சிமெண்ட் பாலையெல்லாம் அது உறிஞ்சிவிட்டுப் பிற்பாடு பிடிப்பில்லாமல் கழன்று விழும். விட்ரிஃபைடு டைல்ஸ் இதற்கு நேர் எதிர். அரை சதவிகிதம்கூடக் குடிக்காது. அதற்குச் சிமெண்ட் பிடிக்காது, பசைதான் வேண்டும். நம் ஊரில் ரெண்டையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டு, அப்புறம் டைல்ஸ் கம்பெனியைத் திட்டுகிறோம்.

தொழிற்சாலைக்குள்ளும் ஒரு பையனைக் கூட அனுப்பினார். நூறு மீட்டருக்கு மேல் நீளமான சூளை. உருளைகள் மேல் பச்சை டைல்ஸ் ஒரு பக்கம் ஊர்வலமாகப் போகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து, ஒரு மணி நேரத்துக்குள் மறுபக்கம் வெள்ளையாக வருகிறது. முன்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்து எரித்தார்கள். புகையும் கழிவும் தாங்காமல் 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை போட்டது. இப்போது வேறு எரிவாயு. மாவு அழுத்துகிற இடத்தில் மட்டும் நான் அதிக நேரம் நிற்கவில்லை. பீகார், உ.பி., ஒடிசா பையன்கள் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள். புருவமெல்லாம் வெள்ளை. அந்தப் பொடியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ். அதற்குத் துண்டு போதாது. அதைக் குணமாக்க மருந்தும் கிடையாது. ஒரு பையன் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தான். குனிந்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் நானும் சூப்பர் ஒயிட்!

திரும்பி வந்ததும் முதலாளி கேட்டார்: "யார் குளிக்கப் போறாங்க?"

டைல்ஸ் விற்கிற யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. அப்பா என்றேன். விழுந்த கதையைச் சொன்னேன். கண் கதையையும்.

"தரையும் வெள்ளை, சுவரும் வெள்ளை, திட்டும் வெள்ளையா?" என்றார். "அப்படின்னா அவர் எங்கே காலை வைப்பார்?"

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வழுக்கல், வழுக்கல் என்றே பேசிக்கொண்டிருந்தோம். மங்கின கண்ணுக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது, நாலு இன்ச் திட்டு எங்கே இருக்கிறது என்று விடிகாலை இருட்டில் எப்படித் தெரியும்? வெள்ளைக்குள் வெள்ளை. அப்பா வழுக்கவே இல்லையோ என்னவோ. திட்டு தடுக்கியிருக்கலாம்.

அவர் தன் விரலை ஒரு டைல்ஸின் வெட்டின விளிம்பில் ஓட்டிக் காட்டினார். "சுவர் மூலையை என்ன செய்யப் போறீங்க? இப்ப எல்லாரும் 45 டிகிரியில் சீவி ரெண்டையும் கூராகச் சேர்க்கிறாங்க. பார்க்க அழகு. வயசானவங்க எழுந்திருக்கும்போது எதைப் பிடிப்பாங்க? அந்த மூலையைத்தான். தோல் பேப்பர் மாதிரி இருக்கும். கிழிச்சிடும்." பழைய நாளில் மூலைக்கென்றே உருண்டை முதுகோடு வெள்ளைக் கிளேஸ் துண்டுகள் வரும் என்றும், அதை இப்போது கேட்பார் இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பதில் உருண்டையான பீடிங் போடச் சொன்னார்.

அவருடைய அப்பா கூரைக்கு நளியா ஓடு போட்டவராம். மோர்பியே அப்போது ஓட்டுக்குப் பேர் போன ஊர். அப்புறம் சுவர்க் கடிகாரம். அதற்கும் அப்புறம்தான் டைல்ஸ். 1979 ஆகஸ்ட் 11-ம் தேதி மச்சு அணை உடைந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். மாடியில் நின்றதால் பிழைத்தாராம். ஆயிரக்கணக்கில் ஜனம் போயிற்று. அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் மச்சு ஆற்றங்கரை வரை நடந்தேன். ராஜா காலத்து மணி மந்திர் கம்பீரமாக நிற்கிறது. 2001 பூகம்பத்தில் விரிசல் விட்டு, பிறகு செப்பனிட்டார்கள். கிட்டத்தில்தான் அந்தத் தொங்கு பாலம் இருந்தது. 2022 அக்டோபர் 30, தீபாவளி விடுமுறை ஞாயிறு, செப்பனிட்டுத் திறந்து நாலைந்து நாளில், அறுந்து 135 பேர் போனார்கள். தண்ணீர் சாதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதே குஜராத்தில் லோதலில் நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே செங்கல் பாவி, வாட்டம் கொடுத்து, சாக்கடை வைத்துக் குளியல் இடம் கட்டியிருக்கிறான் மனுஷன். நம் மேஸ்திரிக்கு இன்னும் வாட்டம் வருவதில்லை.

மறு வாரம் சிடன்ஹாம்ஸ் ரோட்டில் அதே கடை, அதே பையன். நான் ரெண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து லைட்டுக்கு நேரே பிடித்ததும் அவன் கூல் டிரிங்க்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச், பளபளப்பு வெள்ளை. பாக்ஸில் ஊர்ப் பெயர் பார்த்தேன். மோர்பி! தரைக்கு அடர்ந்த சாம்பலில் ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பு ரகம். சின்ன டைல்ஸ்தான் பாத்ரூம் தரைக்கு நல்லது. பெரிசு போட்டால் சாக்கடைப் பக்கம் வாட்டம் வராது. திட்டுக்குக் கறுப்புக் கல். கறுப்புச் சுவர் எப்படி இருக்கும் என்று மனைவி ஒரு கட்டத்தில் கேட்டாள். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். கறுப்பில் அது கோலம் போட்டுக் காட்டும். வெள்ளைதான் அந்த உப்பை மறைக்கிறது. சோப்பு அழுக்கையும் தலைமுடியையும் காட்டிக்கொடுக்கிறது. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

மேஸ்திரி ரசமட்டம், தூக்குக்குண்டு சகிதம் வந்தார். முதல் சண்டை மூலையில். "45 டிகிரி கட்டிங் போட்டுடலாம் சார், அதான் ஃபேஷன். பீடிங்லாம் பழசு." மாட்டேன் என்றேன். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் சார்" என்றார். இருக்கட்டும் என்றேன். முனகிக்கொண்டே உருண்டை பீடிங் வைத்தார். இரண்டாவது, இடைவெளி பூசுவது. அவர் ஒயிட் சிமெண்ட் என்றார். அது ஆறு மாசத்தில் மஞ்சளாகும், அப்புறம் நாம் ஆசிட் ஊற்றுவோம், ஆசிட் டைல்ஸை விட்டுவிட்டு சிமெண்டைத் தின்னும். இளஞ்சாம்பலில் எபாக்ஸி என்றேன். கைப்பிடிக் கம்பிக்கு டைல்ஸில் துளை போட்டால் போதாது, உள்ளே செங்கல் வரை ஆணி போக வேண்டும் என்றும் சொன்னேன். "சார் எங்க வேலை பாக்குறீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார். அக்கவுண்ட்ஸ் என்றதும் அவருக்கு எல்லாம் புரிந்தது போலிருந்தது. ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாளும் எதிர் ஃப்ளாட்டில் குளியல். அவர்கள் இப்போதும் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவ்வளவு படித்தவன் ஒன்றில் கோட்டை விட்டேன். மேஸ்திரி பதினெட்டு பாக்ஸ் சொன்னார். நான் கால்குலேட்டர் தட்டினேன். சுவர் சுற்றளவு 24 அடி, உயரம் ஏழடி, 168 சதுர அடி; கதவு, ஜன்னல் போக 146 சொச்சம். ஒரு பாக்ஸில் ஆறு டைல்ஸ், ஒன்பது சதுர அடி. பதினேழே போதும்! மோர்பியில் வாய் கூசாமல் பதினெட்டு என்று சொன்னவன், கடையில் காசு எடுக்கும்போது பதினேழாகிவிட்டேன். வெட்டியதில் வீண், உடைந்ததில் வீண், கடைசியில் ஐந்து டைல்ஸ் குறைந்தது. கடைக்கு ஓடினால் அந்த ஷேட் நம்பர் தீர்ந்துவிட்டது. அதே கம்பெனி, அதே பெயர், வேறு சூளைப் பொழுதில் வெந்த பாக்ஸ். ஒரு நூல் மங்கல். "கதவுக்குப் பின்னாடி போட்டுடறேன் சார், கதவு திறந்திருக்கறப்ப யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மேஸ்திரி. ஒட்டி முடித்துப் பார்த்தோம். மனைவிக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கே தேடித்தான் பிடிபட்டது.

முதல் நாள் அப்பா குளிக்கப் போனார். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் ஆளுக்கொரு வேலை செய்கிற பாவனையில் இருந்தோம். தண்ணீர் சத்தம். சொம்பு சத்தம். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அம்மா எழுந்தாள். அதற்குள் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஒரு கையைத் துவட்டாமல் விட்டு, அந்த உள்ளங்கையைப் பார்த்தபடியே, "மூலை நல்லா வழவழன்னு இருக்குடா" என்றார்.

அம்மா விபூதி எடுத்து வரப் போனாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பிறகு பேப்பருக்கு அந்தப் பக்கமிருந்து, "அஞ்சு டைல்ஸ் மட்டும் வேற ஷேடு. வாங்கும்போதே பார்த்து வாங்க மாட்டியா?" என்றார்.

"எங்கேப்பா?"

"கதவுக்குப் பின்னால."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கதவை முழுசாகச் சாத்தினால்தான் அந்த இடம் கண்ணில் படும். உள்ளே விபூதி டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் பழவந்தாங்கலிலிருந்து தச்சரை வரவழைத்து, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.